மூன்று லட்சத்துக்குள் நாலு சக்கரம்: எது கட்டுப்படியாகும்?

"ஸ்கூட்டர்ல நாலு பேர் போறோம். பெரியவளுக்குப் பத்து வயசாச்சு, முன்னாடி நிக்க முடியல. கையில மூணு லட்சம் இருக்கு. பழைய நானோ ஒண்ணு லட்ச ரூபாய்க்குச் சொல்றாங்க, எடுக்கலாமா? இல்ல, அதே மாதிரி சல்லிசா புதுசு எதாவது வரும்னு காத்திருக்கலாமா?"

ஆளுக்கு ஆள் தொகை மாறும், ஊர் மாறும், கேள்வி மட்டும் இதுதான். வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். உண்மையில் இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. லட்ச ரூபாய்க் கார் என்று டாடா விட்ட நானோ மாதிரி ஒன்றை இனி யாராவது செய்ய முடியுமா என்பது ஒன்று. அது வரும்வரை எதில் ஏறுவது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதில் இறங்கினால் காத்திருந்தே வயது போய்விடும்.

## எதை வைத்து அளப்பது

ஷோரூம் பலகையில் இருக்கும் விலையை மறந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 5 லட்சம் வரையிலான காருக்கு சாலை வரி 12 சதவீதம். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். ஆக, கையை விட்டுப் போகும் மொத்தத் தொகைதான் முதல் அளவுகோல்.

அடுத்தது மாதச் செலவு. நம்மில் பலர் மைலேஜை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். மாதம் 500 கி.மீ. ஓட்டும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். லிட்டருக்கு 20 கி.மீ. தரும் வண்டிக்கு 2,500 ரூபாய், 35 தரும் வண்டிக்கு 1,430 ரூபாய். வித்தியாசம் 1,070. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மைலேஜுக்காக மிச்சமாவது அவ்வளவுதான். வண்டியின் மதிப்பு வருடத்துக்கு வருடம் தேய்வது, பழுது, காப்பீடு, கடன் வட்டி எல்லாம் சேர்ந்தால் இதைவிடப் பல மடங்கு வரும். அவற்றை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

மூன்றாவது, மோதினால் என்ன ஆகும். நான்காவது, நீங்கள் தினமும் போகிற சாலை எது. நாமக்கல் டவுனுக்குள் சுற்றுவதும் சேலம் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிக்குப் பக்கத்தில் போவதும் ஒன்றல்ல. ஐந்தாவது, பதிவும் உதிரிபாகமும் மறுவிற்பனையும்.

| வழி | கையை விட்டுப் போவது | 500 கி.மீ.க்கு எரிபொருள் | நெடுஞ்சாலை | மோதல் பாதுகாப்பு |
|---|---|---|---|---|
| புதிய ஆல்ட்டோ கே10 | ஏறத்தாழ 4.4 லட்சம் | 2,500 | போகலாம் | 6 ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) |
| பழைய ஆல்ட்டோ 800 | 2 முதல் 2.75 லட்சம் | 2,800 | போகலாம், நிதானமாக | பலவற்றில் ஏர்பேக் இல்லை |
| பழைய நானோ | ஒரு லட்சத்தை ஒட்டி | 2,800 | வேண்டாம் | ஏர்பேக் இல்லை |
| பஜாஜ் க்யூட் | 3 லட்சத்துக்கு மேல் | 1,670 | வேண்டாம் | மிகக் குறைவு |
| சிறிய மின்கார் | 5 லட்சம் + பேட்டரி வாடகை | 500 (மின்சாரம்) | குறுகிய தூரம் | 2 ஏர்பேக், ஏபிஎஸ் |
| மொபெட் + வாடகைக் கார் | 60 ஆயிரத்தை ஒட்டி | 830 + வாடகை | வாடகைக் காரில் | மொபெட்டில் இல்லை |

எரிபொருள் கணக்கில் கம்பெனி சொல்லும் மைலேஜைப் போடவில்லை. நம் ஊர் ரோட்டில், ஏசி போட்டு, மூன்று பேர் ஏறினால் கிடைப்பதைப் போட்டிருக்கிறேன். பழைய வண்டிகளின் விலை ஊருக்கு ஊர் மாறும்.

## லட்ச ரூபாய்க் கார் எங்கே போனது?

2008 ஜனவரி 10 அன்று டெல்லி கார் கண்காட்சியில் ரத்தன் டாடா நானோவைக் காட்டினார். 2009 மார்ச்சில் விற்பனைக்கு அறிவித்தார்கள். 624 சிசி, இரண்டு சிலிண்டர், பின்பக்கம் எஞ்சின், எடை 600 கிலோ சொச்சம், சான்றளிக்கப்பட்ட மைலேஜ் 23.6. லட்ச ரூபாய் என்ற விலையைத் தொட எங்கெல்லாம் கை வைத்தார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் புரியும்.

போன வருடம் திருச்செங்கோட்டில் ஒரு சந்துக்குள் முதல் தலைமுறை நானோ ஒன்றைப் பார்க்கப் போனேன். கூட வந்த மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் காட்டி, "எண்ணுங்க" என்றார். மூன்றே போல்ட். கண்ணாடிக்கு ஒரே வைப்பர். பின்கதவு திறக்காது. பையை வைக்க வேண்டுமானால் பின்சீட்டை மடக்கி உள்ளிருந்தே தள்ள வேண்டும். எஞ்சினைப் பார்க்கவும் அதே வழிதான். முன்டயர் மெலிசு, பின்டயர் அகலம், அதனால் ஸ்டெப்னி ஒரு பக்கத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும். ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினோம். பையன் வண்டியைச் சுற்றி வந்து மூடியைத் தேடினான். முன்பக்க பானெட்டைத் தூக்கினால் அதற்குள் இருக்கிறது டேங்க் மூடி. "என்னங்ணா, எஞ்சின்லயா ஊத்தறது?" என்று அவன் கேட்டதுக்கு மெக்கானிக் அண்ணன் சிரித்து முடிக்க இரண்டு நிமிடம் ஆனது.

இத்தனை சிக்கனமும் புத்திசாலித்தனம்தான், நான் கேலி செய்யவில்லை. ஆனால் இப்படி ஒவ்வொரு போல்டாகச் சேர்த்து வைத்த காசு எங்கே போய்ச் சேர்ந்தது? மேற்கு வங்கத்தின் சிங்கூரில் ஆலை எழும்பிக்கொண்டிருந்தபோது நிலப் போராட்டம் வெடித்தது. 2008 அக்டோபரில் எல்லாவற்றையும் மூட்டை கட்டி குஜராத்தின் சானந்துக்குப் போனார்கள். அங்கே கட்டிய ஆலை வருடத்துக்கு இரண்டரை லட்சம் கார் செய்யக் கூடியது. நானோ அதிகம் விற்ற 2011-12 நிதியாண்டிலேயே எண்ணிக்கை 75 ஆயிரத்தைத் தொடவில்லை. மலிவுக் காரில் ஒரு வண்டிக்கு லாபம் சொற்பம். அச்சு, டை, எந்திரம் என்று போட்ட முதலை லட்சக்கணக்கான வண்டிகளின் தலையில் பிரித்துப் போட்டால்தான் விலை நிற்கும். அந்த எண்ணிக்கை வராதபோது கணக்கு சாய்ந்துவிட்டது. இடையில் சில வண்டிகள் தீப்பிடித்த செய்தியும், "ஏழைகளின் கார்" என்று ஒட்டிக்கொண்ட பெயரும் சேர்ந்துகொண்டன. கடன் வாங்கிக் கார் எடுக்கிறவர், தெருவில் அதை நிறுத்தும்போது ஒரு மரியாதையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். ஏழை என்று நெற்றியில் ஒட்டிக்கொள்ள யார் பணம் கொடுப்பார்கள்?

2018 ஜூன் மாதம் முழுவதற்கும் சானந்தில் தயாரானது ஒரே ஒரு நானோ. அதோடு கிட்டத்தட்ட முடிந்தது. அடுத்த வருடம் ஏபிஎஸ், ஓட்டுநர் ஏர்பேக், மோதல் சோதனை எல்லாம் கட்டாயம், 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாடு என்று வரிசையாக விதிகள் காத்திருந்தன. விற்காத காருக்கு அந்தச் செலவை யார் செய்வார்கள்?

எரிபொருளை இன்னும் மிச்சம் பிடிக்க முடியாதா என்றால், முடியும். வோக்ஸ்வாகன் எக்ஸ்எல்1 என்ற காரை 2013 வாக்கில் செய்தார்கள். 100 கி.மீ.க்கு 0.9 லிட்டர் டீசல்! உடல் முழுக்க கார்பன் ஃபைபர். செய்தது 250 வண்டி, விலை ஒரு லட்சம் யூரோவுக்கு மேல். அந்தப் பக்கம் அமெரிக்காவில் எலியோ மோட்டார்ஸ் மூன்று சக்கர வண்டி ஒன்றை 6,800 டாலருக்கு, காலனுக்கு 84 மைல், அதாவது லிட்டருக்கு 35 கி.மீ.க்கு மேல், தருவதாகச் சொன்னது. அறுபதாயிரம் பேருக்கு மேல் முன்பதிவு செய்தார்கள். ஒருவர் கைக்கும் வண்டி வரவில்லை. மைலேஜை மட்டும் துரத்தினால் விலை ஏறுகிறது, விலையை மட்டும் துரத்தினால் ஆலையே எழும்புவதில்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன், எனக்கே ஆச்சரியம். தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்துத் தோராயமாகப் பார்த்தால் 2009இன் ஒரு லட்சம் இன்றைக்கு இரண்டே முக்கால் லட்சத்தைத் தாண்டும். நானோவின் அடிப்படை மாடல் ஷோரூமில் அப்போதே ஒரு லட்சத்துக்கு மேல்தான் விற்றது. அதைச் சேர்த்தால் மூன்று லட்சம் ஆகிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தபோது மாருதி எஸ்-பிரெஸ்ஸோவின் ஆரம்ப ஷோரூம் விலை 3.5 லட்சம், ஆல்ட்டோ கே10 விலை 3.7 லட்சம். ஒற்றை வைப்பர் வண்டிக்குக் கொடுத்த அதே மதிப்புள்ள பணத்தில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் இன்று ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் உள்ள வண்டி கிடைக்கிறது. 1983இல் மாருதி 800 வந்தபோது விலை 47,500 ரூபாய். அதே குறியீட்டின்படி இன்றைய மதிப்பு எட்டு லட்சத்துக்கு மேல்!

ஆகவே "லட்ச ரூபாய்க் கார் வரட்டும்" என்று காத்திருப்பவர்களுக்கு என் பதில்: வந்துவிட்டது, 3.5 லட்சம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே புதிதாக ஒன்று வரும் என்று நான் நம்பவில்லை.

## புதிய ஆல்ட்டோ கே10

998 சிசி, சான்றளித்த மைலேஜ் 24க்கு மேல். 2025இல் ஆறு ஏர்பேக்கை எல்லா மாடலுக்கும் கொடுத்துவிட்டார்கள். கார்களை மோதவிட்டு ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் போடும் குளோபல் என்கேப் அமைப்பு 2023இல் இரண்டு ஏர்பேக்கோடு சோதித்தபோது கொடுத்தது பெரியவர்களுக்கு இரண்டு நட்சத்திரம், குழந்தைகளுக்குப் பூஜ்யம். ஏர்பேக் கூடினாலும் வண்டியின் உடற்கூடு அதேதான் என்பதை நினைவில் வையுங்கள்.

கையில் மூன்று லட்சம் இருந்தால் 1.4 லட்சம் கடன் தேவைப்படும். 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 2,900, மொத்த வட்டி 34 ஆயிரம். ஐந்து வருடம் கழித்து 2.3 லட்சத்துக்கு விற்கும் என்று வைத்துக்கொண்டால், தேய்மானம் மாதம் 3,500. வட்டி 570, சர்வீஸும் டயரும் 600, காப்பீடு 1,000, பெட்ரோல் 2,500. மாதம் 8,170 ரூபாய்.

மறைசெலவு: ஷோரூமில் "அக்சஸரீஸ் பேக்" என்று 15 ஆயிரம் ஏற்றுவார்கள், வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும். காப்பீட்டை வெளியே விசாரித்துவிட்டுப் போங்கள்.

## பழைய ஆல்ட்டோ 800

2012 முதல் 2023 வரை வந்த 796 சிசி வண்டி. மூலைக்கு மூலை மெக்கானிக், மூலைக்கு மூலை ஸ்பேர். கிளட்ச் பிளேட் மாற்றக் கிராமத்து ஒர்க்‌ஷாப்பில் அரை நாள் போதும். 2.4 லட்சத்துக்கு வாங்கி ஐந்து வருடம் கழித்து 1.2 லட்சத்துக்குக் கொடுத்தால் தேய்மானம் மாதம் 2,000. பழுதுக்கு 1,000, சர்வீஸ் 600, காப்பீடு 500, பெட்ரோல் 2,800. மாதம் 6,900.

புதியதற்கும் இதற்கும் மாதம் 1,270 ரூபாய்தான் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். "பழசு எடுத்தா பாதிக் காசு" என்பது வாங்கும் நாளில் மட்டும்தான் உண்மை. கடன் கிடைக்காதவர்களுக்கும், தவணை என்றாலே தூக்கம் போகிறவர்களுக்கும், ஓட்டப் பழகும் கைக்கும் இது சரி. எடுப்பதானால் 2019 நடுவுக்குப் பிந்தைய வண்டியாகத் தேடுங்கள், ஓட்டுநர் பக்கமாவது ஏர்பேக் இருக்கும். அதற்குக் கொஞ்சம் கூடக் கேட்பார்கள், கொடுக்கலாம்.

## பழைய நானோ

லட்ச ரூபாய்க்கு வாங்கி, ஐந்து வருடம் கழித்து 30 ஆயிரத்துக்குப் போகும் என்று வைப்போம். தேய்மானம் 1,170. பழுதுக்கு 1,500 ஒதுக்குங்கள், பாகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். சர்வீஸ் 600, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் 200, பெட்ரோல் 2,800. கூட்டினால் 6,270. இந்தியாவிலேயே மலிவான கார் என்று வந்த வண்டி, ஆல்ட்டோவைவிட மாதம் 630 ரூபாய்தான் மிச்சப்படுத்துகிறது. அதற்கு விலையாக 2014 சோதனையில் பூஜ்ய நட்சத்திரம் வாங்கிய கூட்டுக்குள் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும். (அன்று ஏர்பேக் இல்லாத ஆல்ட்டோ 800க்கும் பூஜ்யம்தான், நியாயமாகச் சொல்ல வேண்டும்.)

பெரிய மறைசெலவு ஆர்சி புத்தகத்தில் இருக்கிறது. காரின் பதிவு 15 வருடம். 2009, 2010இல் பதிவான நானோக்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. புதுப்பிக்க 2022 முதல் கட்டணமே 5,000. அதோடு தகுதிச் சோதனை, பசுமை வரி, ஆர்டிஓ போய்வரும் நாட்கள். விற்பவர் "எண்பதாயிரம் குடுங்க போதும்" என்று திடீரென இறங்கி வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, பார்த்து மாற்றிவிட வேண்டும்.

நானோ யாருக்கு நல்லது? டவுனுக்குள் மட்டும், வயதான ஒருவர், மழைக்கும் வெயிலுக்கும் கூரை வேண்டும், 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போகவே மாட்டார் என்றால் 2015க்குப் பிறகு வந்த, பின்கதவு திறக்கும் மாடலைப் பார்க்கலாம். கியர் போடத் தேவையில்லாத வகையும் அதில் உண்டு. சந்தில் திருப்ப இதைப் போல ஒரு வண்டி இல்லை.

## பஜாஜ் க்யூட்

காரும் ஆட்டோவும் கலந்த பிறவி. 216 சிசி, ஒற்றை சிலிண்டர், 450 கிலோ, உச்ச வேகம் 70, சொல்லும் மைலேஜ் 35. 2012இல் காட்டினார்கள். "குவாட்ரிசைக்கிள்" என்ற புதுப் பிரிவை அரசு ஏற்று, 2019 ஏப்ரலில் மகாராஷ்டிராவில் 2.48 லட்சத்துக்கு விற்பனைக்கு வரும்வரை ஏழு வருடம் போய்விட்டது. எரிபொருள் சிக்கனம் மட்டுமே வேண்டும் என்றால் இந்தப் பட்டியலில் நாலு பேருக்குக் கூரை தந்து இவ்வளவு குறைவாகக் குடிக்கும் பெட்ரோல் வண்டி வேறில்லை. ஆனால் 2016இல் ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப் கொடுத்தது ஒரே நட்சத்திரம். விலையோ ஆல்ட்டோவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. சொந்தக் குடும்பத்துக்கு நான் எடுக்க மாட்டேன். ஷேர் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவருக்குக் கதை வேறு: ஒரு நாளைக்கு 100 கி.மீ. ஓடினால், புதிய ஆல்ட்டோவோடு பார்க்கும்போது மைலேஜ் வித்தியாசமே மாதம் ஐயாயிரத்தை ஒட்டி வரும். உங்கள் ஆர்டிஓவில் எந்தப் பதிவில் ஏற்பார்கள் என்று கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

## சிறிய மின்கார்

சீனாவில் 2020இல் வூலிங் ஹோங்குவாங் மினி 28,800 யுவானுக்கு, நம் பணத்தில் மூன்று லட்சம் சொச்சத்துக்கு வந்தது. 'அப்படியானால் செய்ய முடிகிறதே' என்று தோன்றும். அந்த விலைக்கு வந்த வண்டியில் பேட்டரி 9 யூனிட் சொச்சம், ஏர்பேக் கிடையாது. பேட்டரிச் சந்தையே பக்கத்துத் தெருவில் இருக்கும் நாடு அது. அதே வூலிங் குடும்பத்து எம்ஜி காமெட், 17.3 யூனிட் பேட்டரியோடு 2023இல் இங்கே வந்தபோது 7.98 லட்சம். 2024இல் பேட்டரியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் திட்டத்தில் 4.99 லட்சமும் கி.மீ.க்கு 2.50 ரூபாயும் என்றார்கள். 500 கி.மீ. ஓட்டினால் வாடகையே 1,250, மின்சாரம் 500. பெட்ரோல் காரின் எரிபொருள் செலவிலிருந்து மிச்சமாவது 750 ரூபாய்தான். மாதம் குறைந்தபட்சம் இத்தனை கி.மீ.க்குக் கட்டியே ஆக வேண்டும் என்ற ஷரத்து இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள்.

வீட்டு மீட்டரிலும் ஒரு பொறி. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மானிய அடுக்கு மாறி பில் ஏறும். ஏற்கெனவே 420இல் இருக்கும் வீட்டுக்குக் காரின் 120 யூனிட் சேர்ந்தால் தாண்டிவிடும். மாதம் 1,500 கி.மீ. ஓடுகிறவர், வீட்டில் சோலார் போட்டவர், ஏற்கெனவே ஒரு கார் உள்ளவர் யோசிக்கலாம்.

## மொபெட்டும் வாடகைக் காரும்

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஓசூரிலிருந்து வரும் டிவிஎஸ் எக்ஸ்எல்100 எடை 90 கிலோவுக்குள், 99.7 சிசி, லிட்டருக்கு 60 தரும். அரிசி மூட்டை, தண்ணீர் கேன், கட்டுமரத்தைத் தவிர எல்லாம் ஏறும். குடும்பத்தோடு போகும் நாட்களை மட்டும் எண்ணுங்கள். மாதம் மூன்று பயணம், ஒன்றுக்கு 1,500 ரூபாய் வாடகை என்றால் 4,500. மொபெட் பெட்ரோல் 830. சொந்தக் காரின் 8,170க்கும் இதற்கும் பெரிய இடைவெளி. பள்ளிக்கு வேன் இருக்கும் வீடுகளில் இது நன்றாகவே ஓடுகிறது. ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் கணக்கு உடையும்.

## நாமே ஒன்று கட்டினால்?

இதையும் கேட்கிறார்கள், முக்கியமாக ஐடிஐ முடித்த தம்பிகள். 2021இல் மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் கொல்லர் ஒருவர் அறுபதாயிரம் ரூபாய் செலவில், உதைத்து ஸ்டார்ட் செய்யும் குட்டி ஜீப் ஒன்றைக் கட்டினார். ஆனந்த் மகிந்திரா அதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு பொலேரோ கொடுத்தார். அப்போதே அவர் சொன்னது, விதிகளின்படி அந்த வண்டியைச் சாலையில் ஓட அதிகாரிகள் விடமாட்டார்கள் என்று. வண்டியின் மாதிரிக்கு அரசு அங்கீகரித்த சோதனை மையத்தின் சான்று இல்லாமல் பதிவு கிடையாது, பதிவு இல்லாமல் சாலையில் ஓட்ட முடியாது. தோட்டத்துக்குள் ஓட்டுவதானால் தாராளமாகக் கட்டுங்கள்.

## நான்கு பேர் ஸ்கூட்டர் வீட்டுக்கு

முதலில் கேட்டவரிடம் நெடுஞ்சாலையில் போவீர்களா என்று கேட்டேன். மாமனார் வீடு சங்ககிரி, மாதம் இரண்டு தடவை என்றார். அப்படியானால் நானோவும் க்யூட்டும் அங்கேயே கழன்றுவிட்டன. கடன் தவணை 2,900 தாங்குமா என்றேன். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். தாங்கினால் புதிய ஆல்ட்டோ, அக்சஸரீஸ் எதுவும் இல்லாமல். தாங்காவிட்டால் 2019க்குப் பிந்தைய பழைய ஆல்ட்டோ, ஒரே உரிமையாளர் ஓட்டியது, ஆர்சியில் கடன் பதிவு நீங்கியது. வண்டி பார்க்கக் காலையில் போங்கள், ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த எஞ்சினைத்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். போய்ச் சேரும்போது பானெட் ஏற்கெனவே சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.